வெளிநாட்டு வீட்டில் குழாய்த் தண்ணீர்: குடிக்கலாமா என்று பார்ப்பது எப்படி

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கிளம்பும் தண்ணீர் உங்கள் டம்ளருக்கு வந்து சேர மூன்று கட்டங்களைத் தாண்டுகிறது: தெருவுக்கு அடியில் ஓடும் பெரிய குழாய், கட்டடத்தின் தொட்டி, வீட்டுக்குள் ஓடும் சிறு குழாய். நிலையத்தில் குறையில்லாமல் தேறிய தண்ணீர் இவற்றில் எங்கு வேண்டுமானாலும் கெடலாம். அதனால் "இந்த நாட்டில் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கும் பதில் பாதிப் பதில்தான். எதிர்வீட்டுக்காரர் இருபது வருடமாகக் குடிக்கிறார் என்பது அவருடைய குழாய்க்குத்தான் சான்று.

ஹாங்காங்கில் 2015-ல் காய் சிங் என்ற அரசுக் குடியிருப்பின் குழாய்த் தண்ணீரில் காரீயம் அளவுக்கு மேல் இருப்பது தெரியவந்தது. நகரம் அனுப்பிய தண்ணீரில் கோளாறு இல்லை. கட்டடத்துக்குள் குழாய்களை இணைக்கப் பயன்படுத்திய பற்றாசில் காரீயம் இருந்தது. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தில் நடந்தது வேறு விதம். 2014-ல் நீராதாரத்தை ஆற்றுக்கு மாற்றியபோது குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டார்கள். பழைய குழாய்களிலிருந்து காரீயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. இரண்டுமே வளர்ந்த நகரங்கள். இரண்டிலும் கெட்டது வழியில்தான்.

ஆகவே தெருவிலிருந்து உள்நோக்கி, ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள்.

தெருவரை வரும் தண்ணீர்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, குழாயில் 24 மணி நேரமும் அழுத்தம் இருக்கிறதா என்பது. எந்த ஊரிலும் தெருக்குழாயில் சின்னச் சின்னக் கசிவுகள் இருக்கும். அழுத்தம் தொடர்ந்து இருக்கும்வரை கசிவு வழியாகத் தண்ணீர் வெளியேதான் போகும். விட்டு விட்டுத் தண்ணீர் விடும் ஊரில், குழாய் காலியாகும் நேரத்தில் அதே விரிசல்கள் வழியாக மண்ணில் தேங்கிய சாக்கடை உள்ளே இழுக்கப்படும். நிலையம் எவ்வளவு நன்றாகச் சுத்திகரித்தாலும் இதைத் தடுக்க முடியாது. நேரம் வைத்துத் தண்ணீர் வரும் ஊர் என்றால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை: காய்ச்சியோ சுத்திகரித்தோதான் குடிக்க வேண்டும்.

தொடர்ந்து வரும் ஊர் என்றால், குடிநீர் நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் தேடி எடுங்கள். அமெரிக்காவில் பொதுக் குடிநீர் நிறுவனங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1-க்குள் இதைத் தர வேண்டும். பிரிட்டனில் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் நிறுவனத்தின் இணையதளத்திலேயே உங்கள் பகுதியின் அளவுகள் கிடைக்கும். அறிக்கை பக்கம் பக்கமாக இருக்கும்; ஆறு வரிகளைப் பார்த்தால் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகளோடு ஒப்பிடுங்கள்:

- ஈ. கோலை (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா): 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது
- காரீயம்: லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்
- ஆர்சனிக்: லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்
- நைட்ரேட்: லிட்டருக்கு 50 மில்லிகிராம்
- ஃபுளோரைடு: லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்
- கலங்கல்: 1 என்டியு-வுக்குக் கீழ் (என்டியு என்பது கலங்கலை அளக்கும் அலகு)

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் அலகு. அமெரிக்க அறிக்கையில் நைட்ரேட்டின் வரம்பு 10 என்று இருக்கும், ஐரோப்பிய அறிக்கையில் 50 என்று இருக்கும். அமெரிக்கா ஐந்து மடங்கு கண்டிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் எடை போடுகிறார்கள்; அந்த 10, முழு நைட்ரேட் கணக்கில் சுமார் 44 ஆகும். அதேபோல் ஒரு மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். காரீயம் 0.01 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அது 10 மைக்ரோகிராம், அதாவது வரம்பின் விளிம்பு.

அறிக்கையில் காரீயம் குறைவாக இருப்பதை வைத்து உங்கள் வீட்டைப் பற்றி முடிவு கட்ட வேண்டாம். அந்த எண் ஒரு சில வீடுகளில் எடுத்த மாதிரிகளிலிருந்து வருவது. உங்கள் வீடு அதில் இருந்திருக்க வாய்ப்பு குறைவு.

கிராமப்புறத்தில் வீடு எடுத்திருந்தால் தண்ணீர் தனியார் கிணற்றிலிருந்து வரலாம். அதற்கு எந்த அறிக்கையும் வராது; ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதிப்பது உங்கள் பொறுப்பு. கனமழைக்குப் பின் இன்னொரு முறை பாருங்கள். கனடாவின் வாக்கர்டன் ஊரில் 2000 மே மாதம் பெருமழையில் பண்ணைச் சாணக் கழிவு ஊர்க் கிணற்றில் இறங்கியது. அங்கே குளோரின் சரியாகச் சேர்க்கப்படவில்லை. ஏழு பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள்.

கட்டடத்தின் தொட்டி

அடுக்குமாடிக் கட்டடங்களில் தண்ணீர் தரைத்தொட்டிக்கு வந்து, பம்ப் வழியாக மேல்தொட்டிக்கு ஏறி, பிறகுதான் வீட்டுக்கு இறங்கும். வளைகுடா நாடுகளின் நகரங்களில் கடல்நீரிலிருந்து உப்பு நீக்கிய தண்ணீர் நல்ல தரத்தில்தான் கட்டடத்துக்கு வருகிறது. ஆனால் வெயிலில் சூடேறும் தொட்டியில், கிருமியைக் கட்டுப்படுத்தும் குளோரின் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. கேடு அங்கேதான் தொடங்குகிறது. ஜப்பானில் 10 கன மீட்டருக்கு மேற்பட்ட கட்டடத் தொட்டிகளை ஆண்டுக்கு ஒரு முறை சுத்தம் செய்யச் சட்டமே இருக்கிறது. உங்கள் கட்டடத்துக்கும் அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடைசியாகக் கழுவிய தேதியை நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

தொட்டியை நேரில் பார்க்க அனுமதி கிடைத்தால் கவனிக்க வேண்டியவை: மூடி இடைவெளி இல்லாமல் உட்காருகிறதா, வழிநீர்க் குழாயின் வாயிலும் காற்றுக் குழாயின் வாயிலும் வலை இருக்கிறதா, அடியில் வண்டல் படிந்திருக்கிறதா, வெளிச்சம் உள்ளே போகிறதா. வலை இல்லாத குழாய் வழியாகத்தான் பறவை எச்சமும் பூச்சியும் உள்ளே வரும்.

பார்க்க முடியாவிட்டால் குளோரினை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இது மிக எளிய, மிகப் பயனுள்ள சோதனை. குடிநீருக்கான டிபிடி குளோரின் கிட் (குளோரின் இருந்தால் தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும் சோதனைப் பெட்டி) ஒன்றை வாங்குங்கள், லிட்டருக்கு 0.1 அல்லது 0.2 மில்லிகிராம் வரை காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். நீச்சல்குளப் பட்டைகள் பெரும்பாலும் இவ்வளவு குறைந்த அளவைத் தெளிவாகக் காட்டாது. தெருக்குழாயிலிருந்து நேராக வரும் ஒரு குழாயைக் கண்டுபிடியுங்கள். தரைத்தளத்திலோ தோட்டத்திலோ இருக்கும். அதை இரண்டு நிமிடம் திறந்துவிட்டு ஒரு மாதிரி, உங்கள் சமையலறைக் குழாயை இரண்டு நிமிடம் திறந்துவிட்டு ஒரு மாதிரி எடுத்துச் சோதியுங்கள். கீழே 0.5, மேலே பூஜ்ஜியம் என்று வந்தால் இடையில் இருக்கும் தொட்டி குளோரினைத் தின்கிறது. அழுக்கோ, நெடுநாள் தேக்கமோ, இரண்டும் சேர்ந்தோ காரணமாக இருக்கும். வீட்டுக் குழாயில் குறைந்தது 0.2 இருப்பது நல்ல அறிகுறி.

இரண்டு இடங்களில் இந்தச் சோதனை ஏமாற்றும். நெதர்லாந்தில் விநியோகத் தண்ணீரில் குளோரினை விட்டுவைப்பதே இல்லை. அங்கே பூஜ்ஜியம் என்பது இயல்பு. அமெரிக்க நகரங்கள் பலவற்றிலும் சிங்கப்பூரிலும் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த பொருள்) பயன்படுத்துகிறார்கள். அங்கே எதனோடும் சேராத தனிக் குளோரின் பூஜ்ஜியத்தை ஒட்டி வரும், மொத்தக் குளோரின் அளவைத்தான் பார்க்க வேண்டும்.

பிரிட்டனின் பழைய வீடுகளில் பரணில் ஒரு தொட்டி இருக்கும். குளியலறைக் குழாய் அதிலிருந்து வரலாம். சமையலறையின் குளிர்நீர்க் குழாய் பெரும்பாலும் தெருவிலிருந்து நேராக வரும். குடிக்கச் சமையலறைக் குழாயையே பயன்படுத்துங்கள்.

வீட்டுக்குள் ஓடும் குழாய்

இங்கே பயம் கிருமியைப் பற்றி அல்ல, காரீயத்தைப் பற்றி. நிறம், மணம், சுவை எதுவும் காட்டிக்கொடுக்காது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் தன் வரம்பான 10 மைக்ரோகிராமை 2036-க்குள் 5 ஆகக் குறைக்கிறது.

வீட்டின் வயதைக் கேளுங்கள். பிரிட்டனில் 1970-க்கு முன் கட்டிய வீடு, அமெரிக்காவில் 1986-ல் வந்த காரீயக் குழாய்த் தடைக்கு முன் கட்டிய வீடு என்றால் சந்தேகப்பட இடம் உண்டு. ஜெர்மனியில் எஞ்சிய காரீயக் குழாய்களை 2026 ஜனவரி 12-க்குள் அகற்ற வேண்டும் என்பது விதி. பழைய கட்டடத்தில் குடியிருந்தால் அகற்றியாயிற்றா என்று உரிமையாளரிடம் கேட்க உங்களுக்கு முழுக் காரணம் இருக்கிறது.

பிறகு குழாயையே பாருங்கள். தண்ணீர் மீட்டருக்குப் பக்கத்தில், அல்லது கீழ்த்தளச் சுவரைத் துளைத்துக் குழாய் உள்ளே வரும் இடத்தில், ஒரு நாணயத்தின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள். சாம்பல் நிறக் குழாய் எளிதில் கீறுபட்டு உள்ளே வெள்ளிபோல் பளபளத்து, காந்தமும் ஒட்டவில்லை என்றால் அது காரீயம். காந்தம் ஒட்டினால் துத்தநாகம் பூசிய இரும்பு. செம்பழுப்பாக இருந்தால் செம்பு. பிளாஸ்டிக் பார்த்தாலே தெரியும். சுரண்டிய பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

காரீயக் குழாய் இருந்தால் நிரந்தரத் தீர்வு அதை மாற்றுவதுதான். அதுவரையிலும், செம்புக் குழாயும் பித்தளைக் குழாயும் உள்ள சாதாரண வீடுகளிலும், தேங்கிய தண்ணீரைக் குடிக்காமல் இருப்பதே முதல் காப்பு. இரவு முழுக்க ஆறு மணி நேரம் குழாயில் நின்ற தண்ணீரில்தான் உலோகம் அதிகம் கரைந்திருக்கும். எவ்வளவு ஓடவிட வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 15 மி.மீ. செப்புக் குழாயில் ஒரு மீட்டருக்குச் சுமார் 145 மில்லிலிட்டர் நிற்கும். கட்டடத்தில் மேலும் கீழும் ஓடும் தண்டுக்குழாயிலிருந்து சமையலறைக்குப் பத்து மீட்டர் என்றால் ஒன்றரை லிட்டர். இரண்டு மூன்று லிட்டர் வெளியேற்றினால் புதுத் தண்ணீர் வந்துவிடும். தெருவிலிருந்து நீளமான காரீயக் குழாய் வரும் தனிவீட்டில் ஐந்து நிமிடமாவது ஓட வேண்டும். தண்ணீர் சட்டென்று கூடுதல் குளிர்ச்சியானால் அது தெருத் தண்ணீர். ஓடவிட்டதை வாளியில் பிடித்துச் செடிக்கும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளலாம்.

சுடுநீர்க் குழாயிலிருந்து குடிக்கவோ சமைக்கவோ எடுக்கவே கூடாது. சூடான தண்ணீர் உலோகத்தை அதிகம் கரைக்கும். கொதிகலனில் அது எவ்வளவு நேரம் கிடந்தது என்பதும் தெரியாது. குழாய் முனையில் திருகியிருக்கும் சல்லடையை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழுவுங்கள். பற்றாசுத் துணுக்கும் துருவும் அங்கேதான் மாட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போது

சந்தேகம் தீரவில்லை என்றால் ஐஎஸ்ஓ 17025 (ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தரம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஈ. கோலை, மொத்தக் கோலிஃபார்ம் (ஈ. கோலையும் அடங்கிய பாக்டீரியாக் குழு), காரீயம், செம்பு போதும்; கிணறு என்றால் நைட்ரேட்டும் ஆர்சனிக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாதிரி எடுக்கும் முறை கிருமிக்கும் காரீயத்துக்கும் நேர் எதிர். ஒரே நேரத்தில் ஒரே விதமாக இரண்டையும் பிடித்தால் ஒன்றாவது பொய் சொல்லும்.

காரீயத்துக்கு: இரவு படுக்கும் முன் கடைசியாகக் குழாயைப் பயன்படுத்துங்கள், ஆறு மணி நேரம் யாரும் தொடக் கூடாது. காலையில் சல்லடையைக் கழற்றாமல், முன்னால் ஓடவிடாமல், முதல் ஒரு லிட்டரை அப்படியே பிடியுங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு இரண்டாவது பாட்டில். முதலாவதில் அதிகம், இரண்டாவதில் குறைவு என்றால் கோளாறு வீட்டுக் குழாயிலும் பொருத்திகளிலும். ஓடவிடுவது பலன் தரும். இரண்டிலும் அதிகம் என்றால் கோளாறு அதற்கும் அப்பால் இருக்கிறது. ஓடவிட்டுத் தப்பிக்க முடியாது.

கிருமிக்கு: சல்லடையைக் கழற்றுங்கள், குழாய் வாயை ஆல்கஹால் பஞ்சால் துடையுங்கள், இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு ஆய்வகம் கொடுத்த பாட்டிலில் குறிவரை பிடியுங்கள். பாட்டிலுக்குள் இருக்கும் வெள்ளைப் பொடி குளோரினை முறிக்கும் தயோசல்ஃபேட். அழுக்கென்று நினைத்துக் கழுவிவிட்டால் சோதனையே வீண். மூடியின் உட்புறம் விரல் படக் கூடாது. பனிக்கட்டிப் பையில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள்.

டிடிஎஸ் மீட்டரை வைத்துக்கொண்டு பாதுகாப்பைத் தீர்மானிக்காதீர்கள். அது கரைந்த உப்புகளின் மொத்த அளவை மட்டும் சொல்லும். காரீயம் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம், அதாவது வரம்பைப் போல் ஐந்து மடங்கு இருந்தாலும், டிடிஎஸ் கணக்கில் அது 0.05 மில்லிகிராம்தான். மீட்டர் முழு மில்லிகிராம் கணக்கில்தான் காட்டும், எண் அசையாது. கிருமியை அது பார்ப்பதே இல்லை. 40 காட்டும் தண்ணீர் நோய் தரலாம், 400 காட்டும் தண்ணீர் நன்றாக இருக்கலாம்.

எந்தக் கேட்டுக்கு எந்த மருந்து

காய்ச்சுவது கிருமிக்கு முழு மருந்து. குமிழி பொங்கக் கொதித்த பின் ஒரு நிமிடம். கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல் உள்ள ஊரில் மூன்று நிமிடம், ஏனென்றால் அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொதித்த கணத்தில் தானாக அணையும் மின் கெட்டிலைவிடப் பாத்திரம் நம்பகமானது. கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டுங்கள். காய்ச்சிய தண்ணீரைப் பச்சைத் தண்ணீரில் அலசிய குடுவையில் ஊற்றுவதும், டம்ளரை உள்ளே விட்டு மொள்ளுவதும் செய்த வேலையைக் கெடுக்கும். வாய் குறுகிய, மூடியுள்ள பாத்திரத்தில் வைத்துச் சாய்த்து ஊற்றுங்கள்.

காரீயம், ஆர்சனிக், நைட்ரேட், ஃபுளோரைடு எதையும் காய்ச்சி நீக்க முடியாது. நீர் ஆவியாகப் போகப் போக மீதியில் அவற்றின் அளவு கூடத்தான் செய்யும். கெட்டிலில் திரும்பத் திரும்பக் கொதிக்கவைப்பதும் அப்படித்தான்.

காய்ச்ச வழியில்லாதபோது வாசனை சேர்க்காத 5 அல்லது 6 சதவீத வீட்டுப் பிளீச்சில் லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டு, கலக்கி, 30 நிமிடம் வையுங்கள். லேசாகக் குளோரின் மணம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு முறை அதே அளவு. இது பாக்டீரியாவையும் வைரஸையும் கொல்லும், கடினமான ஓட்டுக்குள் வாழும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியைத் தொடாது. 1993-ல் மில்வாக்கி நகரில் சுமார் 4 லட்சம் பேரை வயிற்றுப்போக்கில் தள்ளியது அந்தக் கிருமிதான். குளோரின் சேர்த்த தண்ணீரிலேயே தப்பிப் பிழைத்து வந்தது.

வடிகட்டியை வாங்கும்போது விளம்பர வாசகத்தை விட்டுவிட்டு என்எஸ்எஃப்/ஆன்ஸி என்ற அமெரிக்கத் தரச்சான்றின் எண்ணைப் பாருங்கள். 42 என்றால் சுவை, மணம், குளோரின் மட்டும். 53 என்றால் உடல்நலம் சார்ந்தது. அதிலும் பெட்டியில் "காரீயம்" என்று பெயர் சொல்லி எழுதியிருந்தால்தான் காரீயத்துக்கு ஆகும். 58 என்பது ஆர்ஓ, அதாவது நுண்ணிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி வடிப்பது. காரீயம், ஆர்சனிக், ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகியவற்றை வெகுவாகக் குறைக்கும், கூடவே கணிசமான தண்ணீரைக் கழிவாக வெளியேற்றும். 55 என்பது யுவி (புற ஊதா) விளக்கு. கிருமிக்கு நல்லது, ஆனால் கலங்கல் தண்ணீரில் ஒளி ஊடுருவாது. பெரும்பாலானோர் வாங்கும் ஜாடி வடிகட்டியில் பலவும் 42 மட்டுமே உள்ளவை. சந்தேகத்துக்குரிய தொட்டித் தண்ணீரை அதில் ஊற்றிக் குடிப்பது ஆபத்து: கிருமி அப்படியே இருக்கும், அதைக் கட்டுப்படுத்திய குளோரின் மட்டும் போய்விடும். கார்ட்ரிட்ஜை உற்பத்தியாளர் சொன்ன லிட்டர் கணக்கில் மாற்றுங்கள், வடிகட்டியதைக் குளிர்பெட்டியில் வைத்து ஒரு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம் தேவை. நைட்ரேட் 50-க்கு மேல் உள்ள தண்ணீரில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால் கலக்கக் கூடாது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடும். கடினநீரை மென்மையாக்கும் கருவி சோடியத்தைச் சேர்க்கிறது, அதனால் குழந்தைப் பாலுக்கு அந்தக் கருவியைத் தொடாத குழாயிலிருந்து எடுங்கள். பால் பவுடரிலும் கிருமி இருக்கலாம் என்பதால், காய்ச்சிய தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறும் முன் கலந்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் எந்த நாட்டிலும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பார்த்ததும் பயப்படுத்துபவை

பால்போல் வெளுத்த தண்ணீரை டம்ளரில் பிடித்து வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் வெறும் காற்று. கெட்டிலில் படியும் வெள்ளைச் செதில் சுண்ணாம்பு. உடலுக்குக் கேடில்லை, வினிகரில் கரையும். பழுப்புத் தண்ணீர் பெரும்பாலும் தெருக்குழாய்த் துரு; பக்கத்தில் குழாய் வேலை நடந்திருக்கும், தெளியும்வரை குளிர்நீரை ஓடவிடுங்கள், துணி துவைக்காதீர்கள். அழுகிய முட்டை நாற்றம் சுடுநீரில் மட்டும் வந்தால் கொதிகலனைப் பாருங்கள். கழுவுதொட்டியின் வடிதுளையைச் சுற்றி நீலப்பச்சைக் கறை இருந்தால் செம்பு கரைகிறது. இதை மட்டும் அலட்சியப்படுத்தாமல் பரிசோதியுங்கள்.

எச்சரிக்கை வந்தால்

புதிதாகக் குடியேறியவர்கள் உள்ளூர் மொழியில் வரும் எச்சரிக்கையைத் தவறவிடுவது சாதாரணமாக நடக்கிறது. குடியேறிய வாரத்திலேயே குடிநீர் நிறுவனத்தின் குறுஞ்செய்திச் சேவையில் உங்கள் எண்ணைப் பதிவு செய்துவிடுங்கள். எச்சரிக்கை மூன்று வகை. மொழிபெயர்த்துச் சரியாக எது என்று பாருங்கள். "காய்ச்சிக் குடிக்கவும்" என்றால் கிருமி, காய்ச்சினால் தீரும். "குடிக்க வேண்டாம்" என்றால் பெரும்பாலும் வேதிப்பொருள். காய்ச்சுவது உதவாது, பாட்டில் தண்ணீர்தான். "பயன்படுத்த வேண்டாம்" என்றால் குளிக்கவும் கூடாது.

காய்ச்சச் சொல்லியிருக்கும் நாட்களில் பல் துலக்க, காய்கறி பழம் கழுவ, பனிக்கட்டி வைக்க எல்லாவற்றுக்கும் காய்ச்சிய தண்ணீர்தான். எச்சரிக்கை விலக்கப்பட்டதும் வீட்டின் ஒவ்வொரு குளிர்நீர்க் குழாயையும் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். குளிர்பெட்டியில் பனிக்கட்டி எந்திரம் இருந்தால் முதல் மூன்று தட்டுப் பனிக்கட்டியைக் கொட்டிவிடுங்கள். வடிகட்டி கார்ட்ரிட்ஜ் புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். எச்சரிக்கைக் காலத்தின் கிருமி அதற்குள் தங்கியிருக்கும்.